ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லப் போன அக்கா

எங்கள் வகுப்பில் நல்ல சேதி சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வாத்தியார் வரவில்லை, பரீட்சை தள்ளிப்போயிற்று, இந்த முறை முகாமில் கறிச்சோறு என்று ஓடி வந்து சொல்ல எத்தனையோ பேர் இருந்தார்கள். கெட்ட சேதி சொல்ல ஒரே ஒருவர்தான் இருந்தார். அதையும் பஸ் ஏறி, இறங்கி, வெயிலில் நடந்து போய், கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வருவார்.

அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வருகைப் பதிவைத் தவிர வேறெங்கும் தன் பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது. முதுகுக்குப் பின்னால் பையன்கள் வைத்த பெயர் வேறு: கேதம் சொல்லி. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொந்தபந்தம் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் ஆள் விட்டுத் தாக்கல் சொல்வார்கள். அந்த ஆளைத் தூரத்தில் பார்த்ததுமே பெண்கள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அக்காவின் கறுப்புக் குடையைப் பார்த்தாலும் ஜனங்கள் அப்படித்தான் ஆகிப்போனார்கள். பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். "சரியாத்தானப்பா வச்சிருக்கானுங்க" என்றார் ஒரு தடவை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் அந்த மாலை வகுப்பு நடந்தது. சட்ட உதவியாளர் படிப்பு என்று பெயர். படித்தால் வக்கீல் ஆக முடியாது, வக்கீலுக்குப் பக்கத்தில் நிற்கலாம். வக்கீல் குமாஸ்தாக்கள், டைப்பிஸ்டுகள், பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுச் சலித்துப்போன என்னைப் போன்றவர்கள் சேர்ந்திருந்தோம். நான் செக்கானூரணிப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பையன். எங்கள் ஊரில் வரப்புத் தகராறு இல்லாத வீடு கிடையாது என்பதால், "கோர்ட்டு வெவரம் தெரிஞ்சவன் ஒருத்தன் வீட்டுல கெடக்கட்டும்" என்று அப்பா சேர்த்துவிட்டார்.

படிப்பைவிட அங்கே நோட்டீஸ் போர்டுக்குத்தான் மவுசு. மாதிரி நீதிமன்றம், சட்டம் ஏழைக்கா பணக்காரனுக்கா என்று பட்டிமன்றம், சிறைச்சாலையைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள், கிராமத்தில் சட்ட உதவி முகாம் என்று ஏதாவது ஒட்டியிருக்கும். அடியில், "மாணவர்கள் சமூகத்தோடு கலந்து பழக அரிய வாய்ப்பு" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். எழுதுகிறவர் முகாம் பொறுப்பாளர். எங்களுக்குப் பாடமும் எடுத்தார். நல்ல உயரம், நல்ல குரல், கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். யார் எதைச் சொன்னாலும் "ஆவன செய்யப்படும்" என்பார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அதே பதில்தான். முகாமுக்கு வந்ததற்கு அவர் கையெழுத்துப் போட்டால்தான் கடைசியில் சான்றிதழ். அதனால் நாங்கள் எல்லோரும் சமூகத்தோடு கலந்து பழகினோம்.

முகாம் என்றால் பள்ளிக்கூட முற்றத்தில் பந்தல், மைக் செட், மாலை, சோடா. மேடையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் ஊர்ப் பெரிய மனிதர்களும். கீழே மேஜை போட்டு நாங்கள் மனு எழுதுவோம். ரேஷன் கார்டு வரவில்லை, புருஷன் கைவிட்டுவிட்டான், பாதையை அடைத்துவிட்டார்கள் என்று ஆள் ஆளாக வந்து நிற்பார்கள். எழுதி, கைநாட்டு வாங்கி, கட்டாகக் கட்டிக் கல்லூரிக்குக் கொண்டுவருவோம். அங்கே ஒரு பச்சை பீரோ இருந்தது. அதற்குள் போன மனு வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

எங்களுக்கு அது பழகிவிட்டது. அக்காவுக்குப் பழகவில்லை. முதல் முகாம் முடிந்து சில வாரங்கள் கழித்து வகுப்பிலேயே எழுந்து கேட்டார்.

"சார், அந்த ஊர்க்காரங்களுக்கு என்ன சொல்றது?"

"எதப் பத்திம்மா?"

"மனு எல்லாம் இங்கயே இருக்குன்னு."

"ஆவன செய்யப்படும்மா."

"எப்பன்னு கேட்டா?"

பொறுப்பாளர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாக அந்த ஊருக்குப் போய், மனுக் கொடுத்தவர்களை வீடு வீடாகத் தேடிச் சொல்லிவிட்டு வந்தார். "ஒண்ணும் நடக்கலீங்க. எங்க மூலமா நடக்கும்னும் எனக்குத் தோணல. தாசில்தார் ஆபீசுல நேராவே குடுத்துப் பாருங்க. எங்களை நம்பிக் காத்துக்கிட்டு இருக்காதீங்க." அவ்வளவுதான் அவர் பேச்சு. எந்த ஊருக்குப் போனாலும் இதையேதான் சொல்வார், ஒரு சொல் கூடாது, குறையாது.

எனக்கு எப்படி அவரோடு ஒட்டிக்கொண்டது என்றால், நாய்களால். அக்கா வில்லாபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். வடக்குமாசி வீதியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். எங்களையெல்லாம்விடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தாசில்தாருக்கோ போலீசுக்கோ பயப்பட மாட்டார், கிராமத்து நாயைக் கண்டால் குடையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். இரண்டாவது ஊரில் ஒரு நாய் சுங்குடிச் சேலையின் ஓரத்தைக் கிழித்துவிட்டது. மறுநாள் என்னிடம் வந்து, "தம்பி, நீ கிராமத்து ஆளுதான. ஞாயித்துக்கெழம சும்மாதான இருக்க?" என்றார். சும்மாதான் இருந்தேன். "மாப்ள, கேதத்துக்குக் கொட்டடிக்கக் கெளம்பிட்டியா" என்று பையன்கள் கேலி செய்தார்கள்.

அக்காவுக்குச் சில முறைகள் உண்டு. வாசலில் நின்று குடையை மடக்குவார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைத்த பிறகுதான் சேதி. உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். "சொல்றதுக்கு முன்னாடி உக்காந்தா நல்ல சேதின்னு நெனச்சிருவாங்க, தம்பி. அப்பறம் சொல்றது ரொம்பக் கஷ்டம்" என்பார். நின்றபடியே சொல்லிவிட்டு, நின்றபடியே திட்டு வாங்கிக்கொள்வார். திட்டாத வீடு குறைவு. "ஒண்ணும் நடக்கலங்குறதச் சொல்லவா இம்புட்டுத் தொலவு வந்தே? வேற சோலி இல்லையா ஒனக்கு?" என்பார்கள். சிலர் மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் அந்த மோரையும் பாதியில் பிடுங்கிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது ஒவ்வொரு வீட்டிலும் "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். சோழவந்தான் பக்கம் ஒரு ஊரில் வயசாளி ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. "ஏத்தா, டவுன்காரப் புள்ள. கேத வீட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாதுங்கறது தெரியாதா? கெட்டதச் சொல்லிப்புட்டு வாரேன்னு சொன்னா, திரும்பவும் கெட்டதக் கொண்டு வாரேன்னுல்ல அர்த்தமாகும்? வாய மூடிக்கிட்டுக் கெளம்பு."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "ஆனா, நான் நெசமாவே திரும்பி வருவேனுங்களே. தாசில்தார் ஆபீசுல என்ன ஆச்சுன்னு கேக்க வரணும்ல?" என்றார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்கா உள்பக்கம் பார்த்து, "வாரேனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார். சொன்னபடி அடுத்த மாதம் போகவும் செய்தார். வெயிலில் நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த எரிச்சலில்தான் ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "ஏன்க்கா இப்படி? ஒண்ணும் வரலன்னா அவுகளே புரிஞ்சுக்கிற மாட்டாகளா?"

"புரிஞ்சுக்க மாட்டாங்க தம்பி" என்றார். "என்னயப் பொண்ணு பாக்கப் பரமக்குடியிலேருந்து வந்தாங்க. நல்லாத்தான் பேசுனாங்க. ஊருக்குப் போயி தாக்கல் சொல்றோம்னாங்க. அம்மா தறிக்குப் பாவு போடுற எடத்துல ஒரு கண்ணும் வாசல்ல ஒரு கண்ணுமா இருந்துச்சு. வேற எடம் வந்தப்ப, அவங்க பதில் சொல்லாம எப்படிப் பேசுறதுன்னு அப்பா அனுப்பிச்சிட்டாரு. அந்தப் பையனுக்குக் கல்யாணமாகிப் புள்ளையே பொறந்திருச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சு யாரோ சொன்னாங்க. புடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கு ஒருநாள் அழுதிருப்போம். முடிஞ்சிருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பஸ் வந்ததும் முன்வாசல் பக்கம் போய் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் ஏன் என்று கேட்கவில்லை.

அழகர்கோவில் முகாம்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது.

கோயிலுக்குப் போகிற சாலையில் ஒரு சின்ன ஓட்டுவீடு. அழகம்மாள் என்று ஒரு விதவை, இரண்டு பெண் பிள்ளைகளோடு அதில் இருந்தாள். நேர்த்திக்கடனுக்கு வருகிறவர்கள் பொங்கிச் சாப்பிட அண்டா, பானை, அடுப்புக்கல் எல்லாம் வாடகைக்கு விடுவாள். அதில்தான் பிழைப்பு. அந்த வீட்டை அண்ணன் சாவதற்கு முன்பே தனக்கு விற்றுவிட்டார் என்று கொழுந்தன் கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தான். சம்மன் வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு அழகம்மாள் முகாமுக்கு வந்தாள். அக்காதான் மனு எழுதினார். சம்மனை மனுவோடு சேர்த்துக் குத்தினார். வாய்தாத் தேதியைப் படித்துக் காட்டி, அன்றைக்குக் கோர்ட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும் என்றும் சொன்னார்.

ஆனால் அழகம்மாளுக்கு எழுதிக் கொடுப்பது போதவில்லை. "நான் ஜட்ஜய்யாகிட்டப் பேசணும்" என்று மேடைக்கே போய்விட்டாள். நீதிபதியும் நல்ல மனசில் மைக்கைக் கொடுக்கச் சொன்னார். அவள் கணீரென்று பேசினாள். "எம் புருசன் இந்த வீட்ட யாருக்கும் விக்கல. வித்தாருன்னா, இந்தா நிக்கிறாரு எங் கொழுந்தன், பதினெட்டாம்படிக் கருப்பு அறியச் சொல்லட்டும்!" கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கொழுந்தன் தலையைச் சொறிந்தானே தவிர வாய் திறக்கவில்லை. நீதிபதி, "கவலப்படாதம்மா. ஒன் வீடு எங்கயும் போகாது. நாங்க பாத்துக்குறோம்" என்றார். ஒரே கைதட்டல். போட்டோ எடுத்தார்கள்.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு என்ன அர்த்தம் என்பது எங்களில் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை. மதுரை வட்டாரத்தில் எத்தனையோ வழக்கு இன்றைக்கும் அழகர்கோவில் வாசலில் இருக்கிற கருப்பசாமியின் மூடிய கதவுக்கு முன்னால்தான் தீர்கிறது. சத்தியம் பண்ணக் கூப்பிட்டு ஒருவன் வராமல் நின்றால் அவன் தோற்றவன். ஊருக்கு முன்னால், மாலை போட்ட ஜட்ஜுக்கு முன்னால், கருப்பு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் கொழுந்தன் முன்னால் வரவில்லை. அழகம்மாளைப் பொறுத்தவரை கேஸ் அங்கேயே முடிந்துவிட்டது.

நாங்கள் சில வாரம் கழித்துப் போனபோது அவள் சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வா தாயி, வா. கருப்புக்குப் பொங்க வச்சேன், நீங்கதான் வராமப் போயிட்டீக" என்றாள்.

அக்கா குடையை மடக்கவில்லை. "வாய்தாவுக்குப் போனீங்களா?" என்றார்.

"எதுக்குப் போகணும்? அதான் ஜட்ஜய்யாவே தீத்துவிட்டுட்டாரே."

அக்கா தண்ணீர் கேட்டார். குடித்தார். செம்பைக் கீழே வைத்தார். "அது கோர்ட்டு இல்லம்மா. அந்தய்யா இப்ப ஜட்ஜாவும் இல்ல. கோர்ட்டு அதுபாட்டுக்கு அங்க நடந்திருக்கும். நீங்க போகலன்னதும் வீடு அவருக்குத்தான்னு எழுதியிருப்பாங்க. ஒங்க பேப்பரு எங்க பீரோவுல கெடக்கு."

 அழகம்மாள் கையில் இருந்த மண்ணை அப்படியே அக்கா மேல் எறிந்தாள். அடுத்து இன்னொரு கை. "நீதானடி வாங்கி வச்ச? நீதானடி எழுதுன? எங்களப் படம் புடிக்கவா வந்தீக?" பெண் பிள்ளைகள் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். அக்கா நகரவும் இல்லை, சேலையைத் துடைக்கவும் இல்லை. அழகம்மாள் மூச்சு வாங்கி உட்காரும் வரைக்கும் நின்றார்.

"வைஞ்சு முடிச்சிட்டீங்கன்னா கை கழுவிட்டு வாங்க" என்றார். "கோர்ட்டுக்குப் போவோம். தீர்ப்பாகி ஒரு மாசத்துக்குள்ள கேட்டா, திரும்ப விசாரிக்கச் சொல்லலாம். இன்னும் நாள் இருக்கு."

அப்படியே மண் அப்பிய சேலையோடு பஸ் ஏறினார். கண்டக்டர் முறைத்தார். கோர்ட்டில் பார்த்தால் அவர் சொன்னதுதான் நடந்திருந்தது. எதிர்த்தரப்பு வராததால் ஒருதலைத் தீர்ப்பு, வீடு கொழுந்தனுக்கு. இன்னும் ஒரு மாதம் பேசாமல் இருந்திருந்தால் அழகம்மாள் பூசிய சுவரோடு வீடு போயிருக்கும்.

அக்கா வேலை பார்த்த வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். தானாக எடுக்கவில்லை. அக்கா அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றுகொண்டே இருந்தாராம். வராததற்குக் காரணம் எழுத வேண்டும். "மஞ்சக் காமாலைன்னு போட்ரும்மா. எல்லாரும் அதத்தான் போடுறாங்க" என்றார் வக்கீல். உண்மைதான். கோர்ட்டுக் காகிதத்தை நம்பினால் மதுரை ஜில்லாவில் பாதிப் பேருக்குக் காமாலை.

"அந்தம்மா கருப்பு வாசல்ல குடியிருக்குது சார். கூண்டுல ஏறிக் காமாலைன்னு சொல்லச் சொன்னா சொல்லாது" என்றார் அக்கா. "நடந்ததையே எழுதுவோம். முகாமுல பேப்பர வாங்கி வச்சது நான். நானே சாட்சி சொல்றேன்."

சேதி பொறுப்பாளருக்குப் போய்விட்டது. வகுப்பு முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டார். நானும் வாசலில் நின்றேன். அவர் கத்தவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் பேசினார். "காலேஜ் பேரு கோர்ட்ல வரலாமாம்மா? நாளைக்கு எந்த ஊருல நம்மள முகாம் போட விடுவாங்க? எத்தனை ஏழைங்களுக்கு நஷ்டம், நெனச்சுப் பாரு. அந்தம்மாவுக்கு நான் ஆவன செய்றேன்."

"எப்ப சார்?" என்றார் அக்கா.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்படின்னா, நீ முகாமுக்கு வந்ததா நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். சான்றிதழ் இருந்தால் அக்காவுக்கு டைப் மெஷினிலிருந்து எழுந்து ஒரு நல்ல வேலைக்குப் போக வழியிருந்தது. வயசு முப்பத்தைந்தைத் தொட்டிருந்தது. அப்பா இல்லை, அம்மாவின் கண் மங்கிக்கொண்டு வந்தது. ராத்திரியெல்லாம் யோசித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மறுவாரம் கோர்ட்டுக்கு வந்து கூண்டில் ஏறினார்.

எதிர்க்கட்சி வக்கீல், "அந்தம்மாவுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாங்க. பேப்பர வாங்கி வச்ச ஆளு" என்றார் அக்கா. பொறுப்பாளரைப் பற்றியோ மேடையில் இருந்தவரைப் பற்றியோ ஒரு குறையும் சொல்லவில்லை. கைதட்டல் கேட்டபோதே அழகம்மாளிடம் மறுபடி போய்ச் சொல்லியிருக்க வேண்டும், அது தன் பிழை என்று மட்டும் சொன்னார். ஒருதலைத் தீர்ப்பு ரத்தாகி, வழக்கு முதலிலிருந்து தொடங்கியது.

சான்றிதழ் அவருக்கு வரவில்லை. ஆனாலும் ஆண்டு விழாவுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பொறுப்பாளர் அறிக்கை வாசித்தார். அத்தனை மனுக்கள் மீதும் ஆவன செய்யப்பட்டதாம். எல்லோரும் கைதட்டினோம், அக்காவும் தட்டினார். எனக்குத் தாங்க முடியாத கோபம் வந்தது. அவர் என்னிடம் குனிந்து, "போர்டு பாத்தியா தம்பி? அடுத்த முகாம் எந்த ஊருல?" என்று கேட்டார். அவர்தான் இனி மாணவி இல்லையே, எதற்குக் கேட்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வழக்கு இழுத்தது. வாய்தா, மறுபடி வாய்தா, ஜட்ஜ் மாற்றம், வக்கீல் பகிஷ்கரிப்பு. மூத்த பெண்ணுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்தது. தீர்ப்புச் சொல்லும் நாளும் தள்ளித் தள்ளிப் போனதில் அழகம்மாள் சலித்துப்போய் வருவதை விட்டுவிட்டாள். ஒருநாள் தீர்ப்பாகிவிட்டது. கொழுந்தன் கேஸ் தள்ளுபடி, வீடு அழகம்மாளுக்கு. எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு மில்லில் குமாஸ்தா வேலை கிடைத்திருந்த சமயம் அது, லீவில் வந்திருந்தேன். "வா தம்பி, நாய் இருக்கும்" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்.

 அக்கா முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை. அலுப்புத்தான் தெரிந்தது. வாசலில் நின்று குடையை மடக்கினார். பழக்கதோஷத்தில் தண்ணீர் கேட்டார். உட்காரவில்லை. அழகம்மாள் செம்பைக் கொடுத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார். அடுத்து எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஒரே பேச்சைத்தான் இத்தனை வருஷமாகப் பேசியிருக்கிறார்.

"சரி தாயி, சொல்ல வேணாம்" என்றாள் அழகம்மாள். உள்ளே போனாள். பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே வைத்தாள். பிறகு பானைகள். பிறகு அடுப்புக்கற்கள். சின்னப் பெண் அழுதுகொண்டே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"இல்லம்மா... அது வந்து..." என்று அக்கா கையைக் கையை ஆட்டினார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் நான்தான், "ஆத்தா, ஜெயிச்சாச்சு! வீடு ஒங்களுக்குத்தான்! உள்ள தூக்கி வைங்க!" என்று கத்தினேன். அழகம்மாள் என்னை நம்பவில்லை. அக்காவைப் பார்த்தாள். அக்கா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அப்படியே அண்டாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாசலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அழகம்மாள் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா, "பானய உள்ள வைங்க, பானய உள்ள வைங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது வழக்கம்போல, "வாரேன்" என்றார்.

அதற்கப்புறம் நான் அவரை அதிகம் பார்க்கவில்லை. வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்ததோ, பிழைக்காமல் போனதோ எனக்குத் தெரியாது. ஒருமுறை மதுரைக்கு வந்தபோது வக்கீல் ஆபீசுக்குக் கீழே டீ ஆற்றுகிறவர்தான், "ஒங்களுக்குத் தெரியாதாண்ணே? மாசக்கணக்காச்சே" என்றார். தாக்கல் எனக்கு வரவில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த வேலையைப் பார்க்கிற ஆளே போய்விட்டார்.

வில்லாபுரத்துக்குப் போனேன். அக்காவின் அம்மாவுக்கு என் முகம் தெரியவில்லை, குரலை வைத்துக் கண்டுகொண்டார். "நாய் வெரட்டுற தம்பியா?" என்றார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "அழகர்கோவில்ல ஒரு அம்மா இருக்காமே. வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன், காத்துக்கிட்டு இருக்கும், யாராவது போயிச் சொல்லணுமேன்னு கடசி வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தா. நான் கண்ணு தெரியாதவ, எங்க போவேன்?" என்றார்.

அங்கிருந்து நேராக அழகர்கோவில் பஸ் ஏறினேன். ஆடிக் கூட்டம். அழகம்மாளுடைய அண்டாக்கள் எல்லாம் வாடகைக்குப் போயிருந்தன. நாய் குரைத்தது, நான் விரட்டவில்லை. அவள் வாசலுக்கு வந்து எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்தாள். "நீ மட்டுமா வாரே?" என்றாள்.

நான் தண்ணீர் கேட்டேன்.

செம்பை என் கையில் கொடுப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் நின்றபடியே சொன்னேன். அவள் ஓலமிடவில்லை. முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவள் கையால் மண் பூசிய சுவர்தான். கோயிலுக்குப் போகிறவர்கள் வந்து பானை கேட்டார்கள். சின்னப் பெண் வந்து, இல்லை என்று சொல்லி அனுப்பினாள். ரொம்ப நேரம் கழித்து, கேத வீட்டு வழக்கப்படி ஒன்றும் சொல்லாமல் கிளம்பி நடந்தேன். சாலையை எட்டுவதற்குள் குரல் வந்தது.

"சொல்லாமப் போறியேப்பா."

"கேதம் சொல்ல வந்த வீட்டுல சொல்லக் கூடாதுல்ல ஆத்தா."

"அந்தப் புள்ள சொல்லும். சொன்னா வரும்."

 "வாரேன் ஆத்தா" என்றேன்.

"எப்ப?" என்றாள்.

திண்டுக்கல்லிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், கூட்டத்தில் நின்றுகொண்டே வர வேண்டும். நினைக்கவே அலுப்பாக இருந்தது. "வார ஞாயித்துக்கெழம" என்றேன். போனேன்.